நீலமாக இருக்கிறதே, அங்கே கடல் உண்டா? எச்டி 189733 பி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் பக்கம் ஒரு திடலில் மாதம் ஒருமுறை, வானம் விட்டால், என் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பேன். வருகிறவர்கள் சனியின் வளையத்தைப் பார்ப்பார்கள், நிலாவின் பள்ளங்களைப் பார்ப்பார்கள். அப்புறம் யாராவது கைப்பேசியை நீட்டுவார்கள். பெரும்பாலும் ஒரே படம்தான்: கருநீல உருண்டை, மேலே வெள்ளைக் கீற்றுகள், கீழே "கண்ணாடி மழை பொழியும் கிரகம்" என்று ஒரு வரி. வாட்சாப்பில் வந்ததாம். அந்தக் கிரகம்தான் எச்டி 189733 பி.

அந்த ஒரு படத்துக்கு இத்தனை வருடம் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இப்போது எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, இது நெசமாவே இருக்கா, இல்ல யாராவது கட்டிவிட்டதா?

இருக்கிறது. சூரியனைச் சுற்றாமல் வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் இது. புறக்கோள் என்பார்கள். 2005இல் பிரான்சின் ஓத் புரோவான்ஸ் வானாய்வகத்திலிருந்து கண்டுபிடித்தார்கள். 1995இல் சூரியன் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் முதல் புறக்கோளை மேயரும் குவெலோசும் கண்டுபிடித்ததும் அதே வானாய்வகத்தில்தான். அதற்காக 2019இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, கோள் உண்மை. படம் வேறு கதை. அதற்குக் கீழே வருகிறேன்.

அது என்ன பேரு, கார் நம்பர் மாதிரி? முதல் கிரகம்னா "ஏ"தானே வரணும், ஏன் "பி"?

எச்டி என்பது ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க வானியலாளர் பெயரில் தொகுத்த நட்சத்திரப் பட்டியல். அதில் அந்த நட்சத்திரத்தின் எண் 189733. "ஏ" என்ற எழுத்து நட்சத்திரத்துக்கே போய்விடுவதால், அதைச் சுற்றுகிறவற்றில் முதலில் கண்டுபிடித்த கோள் சின்ன "பி" ஆகிறது. இதே நட்சத்திரத்துக்குத் தொலைவில் ஒரு சிவப்புக் குறுமீன், அதாவது சின்ன, மங்கலான சிவப்பு நட்சத்திரம், துணையாக இருக்கிறது, அதற்குப் பெரிய "பி". தமிழில் சின்ன எழுத்து பெரிய எழுத்து கிடையாது என்பதால் இங்கே நான் "கோள்", "துணை" என்றே எழுதுகிறேன்.

எவ்ளோ தூரம்? ராக்கெட்ல போனா எத்தன வருஷம்?

சுமார் 64.5 ஒளியாண்டு, அதாவது ஒளியே போய்ச்சேர 64.5 ஆண்டு ஆகும் தூரம். நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போகும் வாயேஜர் 1 விண்கலம் அந்தத் திசையில் கிளம்பியிருந்தால், சேர்வதற்கு 11 லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

இன்னொரு விதமாகச் சொன்னால், இன்று என் தொலைநோக்கியில் விழும் அந்த நட்சத்திரத்தின் ஒளி, மலேசியா என்ற நாடு உருவாகும் முன்பே, மலாயா காலத்தில் அங்கிருந்து கிளம்பியது. இதைச் சொன்னதும் திடலில் வயதானவர்கள் ஒரு நிமிடம் அமைதியாகி, "அப்ப நான் ரப்பர் தோட்டத்துல பால் வாளி தூக்கிட்டிருந்தேன்" என்பார்கள். பிள்ளைகளுக்கு இது உறைப்பதில்லை.

இந்தப் படத்த எடுத்தது ஹபிள்தானே?

இல்லை. ஹபிள் விண்தொலைநோக்கியும் எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை. அது ஓவியம். அளந்த விவரங்களை வைத்துக் கலைஞர் ஒருவர் வரைந்தது. முதலில் வெளியிட்டவர்கள் அதை ஓவியம் என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள். கைமாறிக் கைமாறி வரும்போது அந்த வரி உதிர்ந்துவிட்டது.

ஏன் எடுக்க முடியாது என்றால், கோளுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே 46 லட்சம் கி.மீ.தான். 64 ஒளியாண்டிலிருந்து பார்த்தால் அந்த இடைவெளி எவ்வளவு தெரியும்? நீங்கள் பினாங்கில் நிற்கிறீர்கள். கோலாலம்பூரில் ஒருவர் ஓர் அரிசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த அரிசியின் அகலம்தான் இடைவெளி. அதிலும் அரிசியின் ஒரு ஓரத்தில் ஸ்டேடியத்து விளக்கு எரிகிறது, மறு ஓரத்தில் ஒரு தூசி ஒட்டியிருக்கிறது. அந்தத் தூசியைப் படம் எடுக்கச் சொல்கிறீர்கள்.

படமே இல்லன்னா இவ்ளோ விவரம் எங்கேர்ந்து வந்துச்சு? அடிச்சு விடறாங்களா?

இதுதான் உருப்படியான கேள்வி. இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாக உட்காருங்கள், கீழே வரும் பாதிப் பதில்கள் இதில்தான் நிற்கின்றன. வழிகள் மூன்று.

முதலாவது, கோள் நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகும் நேரம். தெருவிளக்கின் குறுக்கே ஈசல் போனால் வெளிச்சம் ஒரு துளி குறையும் அல்லவா, அது மாதிரி. இந்தக் கோள் கடக்கும்போது நட்சத்திரத்தின் ஒளி சுமார் 2.4 சதவீதம் குறைகிறது. கல்லாவில் 100 ரிங்கிட் இருக்க வேண்டிய இடத்தில் 97 ரிங்கிட் 60 சென் இருப்பது போல. கண்ணால் பார்த்தால் தெரியாது, எண்ணினால் தெரியும். கடந்து முடிக்க 1.8 மணி நேரம் ஆகும். எவ்வளவு ஒளி மறைகிறது என்பதிலிருந்து கோளின் அளவு கிடைக்கிறது. அந்த நேரத்தில் நட்சத்திர ஒளியில் ஒரு சிறு பங்கு கோளின் வளிமண்டல ஓரத்தை ஊடுருவி வருகிறது. எந்த வாயு இருக்கிறதோ அது தனக்குரிய நிறத்தை அதிலிருந்து விழுங்கிவிடும். விடுபட்ட நிறங்களைப் பார்த்தால் வாயுவின் பெயர் தெரியும்.

இரண்டாவது, நட்சத்திரத்தின் ஆட்டம். ஒரு குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினால் சுற்றுகிறவரும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து தள்ளாடுவார். குழந்தை கனமாக இருந்தால் தள்ளாட்டம் அதிகம். இந்தக் கோள் தன் நட்சத்திரத்தை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் நம் பக்கமும் எதிர்ப்பக்கமும் ஆட்டுகிறது. அதிலிருந்து எடை கிடைக்கிறது. 2005இல் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது. கோள் நட்சத்திரத்துக்குப் பின்னால் போய் மறையும் நேரம். மறைவதற்கு முன் நமக்கு வருவது நட்சத்திர ஒளியும் கோளின் ஒளியும் சேர்ந்தது. மறைந்த பின் வருவது நட்சத்திர ஒளி மட்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் கோளுடையது. வாளியோடு நிறுத்து, அப்புறம் வெறும் வாளியை நிறுத்து, தண்ணீரின் எடையைக் கண்டுபிடிக்கிற அதே கணக்கு.

சரி, எவ்ளோ பெருசு, எவ்ளோ எடை?

வியாழனைவிடச் சற்றுப் பெரியது. குறுக்களவு சுமார் 1,60,000 கி.மீ. பூமிகளை வரிசையாக அடுக்கினால் பன்னிரண்டரை வரும். எடை வியாழனைப் போல 1.13 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 360 பூமி. அளவையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். பாறைக் கோள் அல்ல, வாயுக் கோள்.

அங்க நின்னா என் எடை எவ்ளோ காட்டும்?

மேல் அடுக்கில் ஈர்ப்பு பூமியைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம், ஆக 60 கிலோ ஆள் 130 கிலோ காட்டுவார். ஆனால் எங்கே நிற்பீர்கள்? தரையே கிடையாது. வாயுவுக்குள் இறங்க இறங்க அழுத்தமும் சூடும் கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

அங்க ஒரு வருஷம் ரெண்டு நாள்தானாமே?

2 நாள் 5 மணி 15 நிமிடம். நாம் ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளிக்குப் போவதற்குள் அங்கே 164 வருடம் ஓடிவிடும். நம் புதன் கோள் சூரியனிலிருந்து சராசரியாக 5.8 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. இது அதில் பன்னிரண்டில் ஒரு பங்குத் தூரத்தில், நொடிக்கு 150 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. நட்சத்திரம் நம் சூரியனைவிடச் சற்றுச் சின்னது, ஆரஞ்சு நிறம், எடை சூரியனில் 80 சதவீதம். அதனால் ஏதும் இதமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பகல், ராத்திரி உண்டா?

உண்டு, ஆனால் மாறாது. நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவது போல இந்தக் கோளும் நட்சத்திரத்துக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. இவ்வளவு நெருக்கத்தில் சுற்றினால் ஈர்ப்பின் இழுவை சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து நிறுத்தி, ஒரு சுற்றுக்கு ஒரு சுழற்சி என்று கட்டிவிடும். ஒரு பாதிக்கு எப்போதும் நண்பகல், மறு பாதிக்கு எப்போதும் நள்ளிரவு.

அப்ப ராத்திரி பக்கம் ஜில்லுனு இருக்குமே, அங்க தங்கலாமே?

நானும் முதலில் இப்படித்தான் நினைத்தேன். 2007இல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி இந்தக் கோளின் வெப்பத்தைத் தொடர்ந்து 33 மணி நேரம் அளந்து ஒரு வரைபடமே போட்டது. வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளுக்கு அப்படி வெப்ப வரைபடம் போட்டது அதுதான் முதல் தடவை. பகல் பக்கம் 930 டிகிரி செல்சியஸ் அளவில். நள்ளிரவுப் பக்கம் 650 முதல் 700 வரை. அலுமினியம் 660இல் உருகும். ஆக வீட்டு அலுமினியச் சட்டி பகல் பக்கம் குழம்பாகிவிடும், இரவுப் பக்கம் தப்புவதும் சந்தேகம்தான்.

அந்த வரைபடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அதிகச் சூடான இடம் நட்சத்திரத்துக்கு நேர் எதிரே இல்லை, கிழக்கே தள்ளி இருந்தது. சூட்டை யாரோ தள்ளிக்கொண்டு போகிறார்கள். இரவுப் பக்கம் குளிராமல் இருப்பதற்கும் அதே ஆள்தான் காரணம்.

யாரு, காத்தா?

காற்றுதான். 2015இல் பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோளின் இரண்டு ஓரங்களையும் தனித்தனியே பார்த்து வேகத்தை அளந்தார்கள். கடக்கும் நேரத்தில் ஒரு ஓரத்து வளிமண்டலத்தில் உள்ள சோடியம் நம்மை நோக்கி வருகிறது, மறு ஓரத்தது விலகுகிறது. வருகிறதன் நிறம் நீலப் பக்கமும் விலகுகிறதன் நிறம் சிவப்புப் பக்கமும் ஒரு துளி நகரும். அதிலிருந்து வந்த கணக்கு மணிக்கு சுமார் 8,700 கி.மீ.

நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், 13.5 கி.மீ. நீளமுள்ள பழைய பினாங்குப் பாலத்தை அந்தக் காற்று ஆறு நொடிக்குள் தாண்டிவிடும். மாலை ஆறு மணிக்குப் பட்டர்வொர்த் பக்கம் போகிறவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நீலமா இருக்குன்னா கடல்தானே சார்? நம்ம பூமியும் கடலாலதானே நீலம்?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். ஒரு பள்ளிக் கண்காட்சியில், பெயர் வேண்டாம், இந்தக் கோளின் ஓவியத்தை ஒட்டிக் கீழே "நீர் நிறைந்த கோள்" என்று அழகாக எழுதியிருந்தார்கள். பரிசும் வாங்கியது.

முதலில், நீலம் என்பது பொய்யில்லை. 2013இல் வெளியான ஹபிள் அளவீடு அது. மேலே சொன்ன மூன்றாவது வழிதான்: கோள் பின்னால் போய் மறைந்தபோது வந்த ஒளியில் நீலம் மட்டும் குறைந்தது. பச்சையில் குறைவு தெரியவில்லை. அப்படியென்றால் மறைவதற்கு முன் கோளிலிருந்து வந்துகொண்டிருந்த ஒளி நீலம். விழுகிற நீல ஒளியில் 40 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்புகிறது, பச்சையில் 12 சதவீதத்துக்கும் கீழே. கிட்டப் போய்ப் பார்த்தால் கருநீலமாகத் தெரியும் என்று சொன்னது இதை வைத்துத்தான். வேறொரு நட்சத்திரத்துக் கோளின் நிறத்தை ஒருவர் அளந்து சொன்னது அதுவே முதல் முறை.

இப்போது காரணம். திடலில் கொசுத்தொல்லைக்காக நான் ஒரு கொசுவர்த்திச் சுருள் ஏற்றி வைப்பேன். இருட்டில் அந்த மெல்லிய புகைக் கோட்டின் மேல் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துக் காட்டுவேன். புகை நீலமாகத் தெரியும். கொசுவர்த்தியில் நீலச் சாயம் கிடையாது, தண்ணீரும் கிடையாது. துகள்கள் மிகப் பொடியாக இருப்பதால் சிவப்பைவிட நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன, அவ்வளவுதான். அதே புகை கொஞ்ச நேரம் தேங்கி, துகள்கள் ஒட்டிப் பெரிதானால் வெளுத்துவிடும். புகைமூட்ட மாதங்களில் நம் வானம் நீலம் போய் வெள்ளையாகத் தெரிவதும் அதனால்தான். அந்தக் கோளின் உயரத்திலும் இப்படிப் பொடித் துகள்களின் மூட்டம் இருக்கிறது. கூடவே சோடியம் ஆவி மஞ்சள் பக்கத்து ஒளியைத் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது நீலம். 930 டிகிரியில், தரையே இல்லாத இடத்தில், கடலுக்கு எங்கே போவது?

அப்போ கண்ணாடி மழை? அதுவும் பொய்யா?

பாதிக்கு மேல் உண்மை, கொஞ்சம் மசாலா. மேலே சொன்ன பொடித் துகள்கள் சிலிகேட், அதாவது மணலும் கண்ணாடியும் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பம் என்று வெகுகாலமாக நினைத்திருந்தார்கள். நம்மூரில் நீராவி குளிர்ந்து மேகமாவது போல, அந்தச் சூட்டில் கல் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் மேகமாகும். 2024இல் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் அளவீடுகளை வைத்து வந்த ஓர் ஆய்வு, பகல் பக்கத்து மேகத்தில் குவார்ட்சின் சுவடு தெரிவதாகச் சொன்னது. குவார்ட்ஸ் கடற்கரை மணலில் கிடக்கும் அதே பொருள்.

ஆக, துகள் உண்டு, காற்றின் வேகமும் அளந்த வேகம். இரண்டையும் கூட்டி "பக்கவாட்டில் அடிக்கும் கண்ணாடி மழை" என்றார்கள். மழையாக விழுவதை யாரும் அளக்கவில்லை. அது ஊகம், ஆனால் நியாயமான ஊகம். கண்ணாடிச் சில்லு மாதிரி கற்பனை செய்யாதீர்கள். நீல ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குப் பொடி என்றால் மாவைவிட மென்மையான தூசி. அது 8,700 கி.மீ. வேகத்தில் வந்தால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம். மணல் அடித்துத் துரு எடுக்கும் பட்டறைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நாத்தமா அடிக்குமாமே?

ஆமாம், அழுகிய முட்டை வாடை. 2024இல் ஜேம்ஸ் வெப் அங்கே ஹைட்ரஜன் சல்பைடைக் கண்டுபிடித்தது. கூடவே நீராவி, கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு. முகர்ந்து பார்க்க மூக்கு மிஞ்சாது என்பதைத் தவிர வேறு குறையில்லை.

நீராவி என்றதும் "பார்த்தீர்களா, தண்ணீர் இருக்கிறதே!" என்று பழைய கேள்விக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. வாயுவாகக் கலந்திருப்பது வேறு, கடலாகத் தேங்குவது வேறு.

மீத்தேன் இருக்குன்னு முன்னாடி ஒரு புத்தகத்துல படிச்சேனே? இப்ப இல்லங்கிறாங்க. எத நம்பறது?

கவனித்துக் கேட்டீர்கள். 2008இல் ஹபிள் அளவீடுகளை வைத்து மீத்தேன் இருப்பதாகச் சொன்னார்கள், பெரிய செய்தியாக வந்தது. உங்கள் புத்தகம் அந்தக் காலத்தது. பதினாறு வருடம் கழித்து ஜேம்ஸ் வெப் தெளிவாகப் பார்த்தபோது குறிப்பிடும்படி மீத்தேன் இல்லை. இவ்வளவு சூடான இடத்தில் கார்பன் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடாகவே இருக்க விரும்பும், ஆக இந்த விடைதான் பொருந்துகிறது.

புதியதை நம்புங்கள். 97.60 ரிங்கிட்டில் ஒரு சென் எங்கே போனது என்று தேடுகிற வேலை இது. தராசு நல்லதாக ஆக ஆகக் கணக்குத் திருந்தும். இந்த நட்சத்திரத்தில் புள்ளிகள் வேறு அதிகம், அவையும் ஒளியைக் கூட்டிக் குறைத்து ஆட்களைக் குழப்பும்.

ஆவியாகிக்கிட்டே இருக்காம், கொஞ்ச நாள்ல காணாமப் போயிடுமா?

கசிகிறது. 2010இல் ஹபிள் பார்த்தபோது வாயு தப்பிப் போகும் அடையாளம் இல்லை. 2011 செப்டம்பரில் பார்த்தபோது நொடிக்குக் குறைந்தது ஆயிரம் டன் ஹைட்ரஜன் போய்க்கொண்டிருந்தது. அதற்கு 8 மணி நேரம் முன்பு நட்சத்திரத்தில் ஒரு பெரிய வெடிப்பை ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் பார்த்திருந்தது. வெடிப்பு கோளின் மேல் அடுக்கைக் கொதிக்க வைத்திருக்கலாம். சந்திரா தொலைநோக்கி எக்ஸ்ரேயில் பார்த்தபோது கடப்பின்போது மறைந்த ஒளி 6 முதல் 8 சதவீதம், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வந்த 2.4ஐப் போல மூன்று மடங்கு. கோளைச் சுற்றி மெல்லிய காற்றுப் போர்வை அவ்வளவு அகலமாக விரிந்து கிடக்கிறது.

காணாமல் போகாது. 360 பூமி எடையிலிருந்து நொடிக்கு ஆயிரம் டன் போவது கிணற்றிலிருந்து ஊசி முனையால் தண்ணீர் எடுப்பது. பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டு முழுக்கக் கசிந்தாலும் பெரும்பகுதி மிஞ்சும்.

அவ்ளோ பெரிய கிரகம் அவ்ளோ கிட்ட எப்படிப் போச்சு? அங்கயே பொறந்ததா?

அங்கே பிறந்திருக்க வாய்ப்புக் குறைவு. இவ்வளவு வாயுவைச் சேர்க்க, பனி உறைந்து கிடக்கும் தொலைவு வேண்டும். எங்கோ தள்ளிப் பிறந்து, பிற்பாடு உள்ளே வந்திருக்கிறது. பிறந்த தூசித் தட்டின் இழுவையில் மெல்ல வழுக்கி வந்திருக்கலாம். அல்லது வேறொன்றின் ஈர்ப்பு பாதையை நீட்டி நெருக்கி, அப்புறம் நட்சத்திரத்தின் இழுவை அதை வட்டமாக்கியிருக்கலாம்.

நவக்கிரகத்துல இது சேருமா? இதுக்குப் பெயர்ச்சி உண்டா?

கேட்டவர் ஒரு பாட்டி, கிண்டலாக இல்லை. சேராது பாட்டி. இராகு கேதுவை விட்டுவிட்டால் நவக்கிரகத்தில் இருப்பவை எல்லாம் நம் வானத்தில் வெறுங்கண்ணுக்கு நகர்ந்து தெரிகிறவை. இது நகர்வது அதன் நட்சத்திரத்துக்கு மட்டும்தான் தெரியும். பெயர்ச்சி பார்க்க வேண்டுமென்றால் 2 நாளுக்கு ஒருமுறை பரிகாரம் செய்ய வேண்டியிருக்கும் என்றேன். சிரித்துவிட்டார்.

நம்ம மலேசியா பேர் வச்ச கிரகம் ஒன்னு இருக்காமே? அதப் பத்தி ஏன் பேச மாட்டேங்கறீங்க?

இருக்கிறது. 2019இல் சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூறாவது ஆண்டில் நாடுகளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரத்தைக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னது. மலேசியாவுக்குக் கிடைத்தது எச்டி 20868. நட்சத்திரத்துக்கு இந்தான், கோளுக்கு பைடூரி என்று வைத்தார்கள். மலாயில் இந்தான் என்றால் வைரம். பைடூரி? உரக்கச் சொல்லிப் பாருங்கள். நம் வைடூரியம்தான். இரண்டும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை.

பைடூரியின் பாதை நீண்ட முட்டை வடிவம். நட்சத்திரத்துக்கு மிக அருகில் இருக்கும் தூரத்தைப் போல ஏழு மடங்கு விலகிப் போய்த் திரும்பும், ஒரு சுற்றுக்கு 381 நாள். எடை குறைந்தது வியாழனைப் போல இரண்டு மடங்கு. அதற்கு மேல் நான் சொல்வதற்கு அதிகமில்லை, காரணம் மேலே சொன்ன மூன்று வழிகளில் இரண்டாவது மட்டும்தான் அதற்குக் கிடைத்திருக்கிறது. முன்னால் கடப்பதை யாரும் பிடிக்கவில்லை, எனவே அளவு தெரியாது, காற்று தெரியாது, நிறம் தெரியாது. எச்டி 189733 பி தற்செயலாக நம் பார்வைக் கோட்டில் சுற்றுகிறது, அந்த அதிர்ஷ்டத்தால்தான் அதன் வண்டவாளம் எல்லாம் வெளியே வந்தது.

பினாங்கிலேர்ந்து பாக்க முடியுமா?

கோளை முடியாது. நட்சத்திரத்தை முடியும், அதுவும் சுலபமாக. செப்டம்பர், அக்டோபரில் இரவு ஒன்பது மணி வாக்கில் தலைக்கு மேல், சற்று வடக்கே தள்ளி. திருவோணத்தைத் தெரிந்தவர்கள் அதிலிருந்து வடக்கே வாருங்கள், நரி என்ற சின்ன விண்மீன் கூட்டம். அங்கே டம்பெல் நெபுலா என்ற மங்கலான வாயு மூட்டம் இருக்கிறது. அதற்குக் கிழக்கே நிலாவின் அகலத்தில் பாதித் தூரத்தில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. ஒளி அளவு 7.7 (எண் கூடக் கூட மங்கல்) என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலர் போதும். தொல்லை என்னவென்றால் இங்கே மழை கொட்டுவதும் அதே இரண்டு மாதம்தான்.

கடப்பையும் நீங்களே அளக்கலாம். என்னிடம் இருப்பது 8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும். நிமிடத்துக்கு ஒரு படம், பக்கத்து நட்சத்திரம் ஒன்றோடு ஒப்பிட்டு வெளிச்சத்தைக் கணக்கிட வேண்டும். மூன்று முறை மேகம் கெடுத்தது. நான்காவது முறை, இரவு பதினொன்றரைக்கு, மடிக்கணினியில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தபோது வரிசை லேசாகக் கீழே இறங்கியது. முதலில் மேகம் என்றே நினைத்தேன். ஆனால் பக்கத்து நட்சத்திரம் அசையவில்லை.

அங்க யாராவது இருந்தா, நம்மள இதே மாதிரி கண்டுபிடிப்பாங்களா?

ஒரு பத்து வயதுப் பையன் கேட்டது. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அங்கிருந்து பார்த்தால் நம் சூரியன் வெறுங்கண்ணின் எல்லையில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு புள்ளி. பூமி சூரியனின் குறுக்கே கடப்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. பூமி சுற்றும் தளத்திலிருந்து அந்த நட்சத்திரம் 40 டிகிரிக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆட்டத்தை வைத்துப் பிடிக்கலாம் என்றால், பூமி சூரியனை ஆட்டுவது நொடிக்கு 9 சென்டிமீட்டர்தான்.

வியாழனை வேண்டுமானால் பிடித்துவிடலாம். அது நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர் அளவுக்கு ஆட்டுகிறது. ஆனால் ஒரு சுற்று முடிய கிட்டத்தட்ட 12 வருடம் காத்திருக்க வேண்டும். அவர்கள் கணக்கில் அது இரண்டாயிரம் வருடம்.